மாலையைக் கழட்டிய அன்றே சிகரெட் திரும்பி வருவது ஏன்?

கேள்வி இது: "என் வீட்டுக்காரருக்கு 38 வயது. சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். நாளைக்கு 12 சிகரெட் பிடித்தவர், கார்த்திகை 1-ல் சபரிமலைக்கு மாலை போட்டதிலிருந்து ஒன்றுகூடத் தொடவில்லை. போன வருசமும் இப்படித்தான் இருந்தார். மாலையைக் கழட்டிய அன்றைக்கே பழையபடி ஆரம்பித்துவிட்டார். இன்னும் 12 நாளில் மலைக்குக் கிளம்புகிறார். இந்த முறை நிலைக்க வேண்டுமென்றால் வீட்டில் நாங்கள் என்ன செய்யணும்? போர்வெல் போடும் ரிக் வண்டியில் போகும் கொழுந்தனாரும் விடணும் என்கிறார். அவர் நாளைக்கு 25 பிடிக்கிறார், மாலை போடும் ஆள் இல்லை."

அம்மிணி, முதலில் ஒன்று. உங்கள் வீட்டுக்காரருக்கு மன உறுதி போதவில்லை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் தொடாமல் இருக்கிறவருக்கு உறுதி இல்லாமலா? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மாலை போட்ட சாமி சிகரெட்டை விட்டுவிட்டார். மாலை போடாத மனுசன் இன்னும் விட்டே பார்க்கவில்லை.

மாலை என்னென்ன கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் எழுந்ததும் முதல் சிகரெட் இருந்த இடத்தில் பச்சைத்தண்ணிக் குளியலும் சரணமும் வந்துவிட்டன. டீயும் சிகரெட்டும் விற்கும் பேக்கரியின் வாசலில் நிற்பது நின்றது. டாஸ்மாக் இல்லை, கறி இல்லை, அதனால் கறிச்சோற்றுக்குப் பின்னால் வரும் சிகரெட்டும் இல்லை. "மாப்ள, ஒண்ணு பத்த வெய்யி" என்று கை நீட்டும் பங்காளிகூட "சாமி" என்று கூப்பிட்டுத் தள்ளி நின்றுகொள்கிறார். கூடவே மாலை போட்ட நாலு பேர், மேலே ஒரு குருசாமி. எல்லாவற்றுக்கும் மேலே, இத்தனாம் தேதி வரைக்கும் என்று ஒரு கணக்கு. இவ்வளவு முட்டுக்கொடுத்து நின்ற வீட்டில், ஒரே நாளில் அத்தனை முட்டுகளையும் உருவிவிட்டு, "ஏன் சாய்ந்தது?" என்று கேட்கிறோம்.

உடம்பைப் பொறுத்தவரை பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் பாதியாகக் குறையச் சுமார் 2 மணி நேரம்தான் ஆகும். விட்ட 2-ஆம், 3-ஆம் நாள் தொல்லை உச்சத்தில் இருக்கும். எரிச்சல், கோபம், கை பரபரப்பு, மனச்சோர்வு எல்லாம் 4 வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மூளையில் நிகோடினை வாங்கிக்கொள்வதற்காகப் பெருகிக் கிடந்த ஏற்பிகள் பழைய அளவுக்கு வர ஏறக்குறைய 6 முதல் 12 வாரம் வரை ஆகும். 41 நாளோ 48 நாளோ விரதம் இருந்தவர் அதில் பாதிக் கிணற்றைத் தாண்டியாயிற்று.

மிச்சம் இருப்பது பழக்கம். டீ டம்ளர் கைக்கு வந்ததும், பாவு (தறியின் நீளவாட்டு நூல்) பிணைக்கிற நேரம் தறி நின்றதும், கரண்ட் போனதும், சாப்பிட்டுக் கை கழுவியதும் மூளை "அடுத்தது அதுதானே?" என்று கேட்கும். அது நாள் போகப் போகத் தானாக அழிவதில்லை. அந்தந்த இடத்தில், அந்தந்த நேரத்தில், புகை இல்லாமல் பலமுறை நின்று பார்த்தால்தான் அழியும். விரதத்தில் அவற்றில் பல இடங்களுக்கு அவர் போகவே இல்லை, அதனால் அந்தக் கணக்கு அப்படியே பாக்கி நிற்கிறது.

ஆகவே மீதி 12 நாளை வீணாக்காதீர்கள். மாலை கழுத்தில் இருக்கும்போதே ஒத்திகை பார்த்துவிடணும், அதைவிடப் பாதுகாப்பான நேரம் கிடைக்காது. ஒரு தாளில் பழைய 12 சிகரெட்டையும் நேரப்படி எழுதச் சொல்லுங்கள்: எழுந்ததும், கக்கூஸ் போகுமுன், தறிக்குப் போகிற வழியில் பேக்கரி, 11 மணி டீ, சாப்பாட்டுக்குப் பின், சாயங்கால டீ, நூல் கணக்குப் பார்க்கும்போது, ராத்திரிப் பாளிக்கு (ஷிப்டுக்கு) கிளம்பும்போது என்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த 5 நிமிடத்தில் கையும் வாயும் காலும் என்ன செய்யப்போகின்றன என்று எழுதணும். "மனசைத் திருப்புவேன்" என்று எழுதினால் அது பதில் ஆகாது. "சோம்பு அரை ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு கொட்டகையின் கடைசித் தறி வரைக்கும் நடந்துவிட்டு வருவேன்" என்று எழுதினால் அது பதில்.

பிறகு அந்த இடங்களுக்கு மாலையோடேயே போகட்டும். வெளிக்கடையில் டீ குடிக்காத விரதமானால் குடிக்க வேண்டாம். பேக்கரி வாசலில் 10 நிமிடம் நின்று பேசிவிட்டு வந்தால் போதும். நாளைக்கு ஒருமுறை, 12 நாளும். முதல் இரண்டு நாள் நாக்கு ஊறும், நெஞ்சு பரபரக்கும். ஒருமுறை வரும் ஆசை பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடத்தில் தணிந்துவிடும், நீண்டால் 10 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து அவரே அளந்துவிட்டால் பாதி பயம் போய்விடும், ஏனென்றால் பற்ற வைக்காவிட்டால் அது ஏறிக்கொண்டே போகும் என்று நினைத்துத்தான் பலர் பற்ற வைக்கிறார்கள்.

பேக்கரியில் கணக்கு நோட்டு இருந்தால் அதை முடித்துவிடச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் சிகரெட்டைப் பாக்கெட்டாக வாங்குகிறவர்கள் குறைவு, சில்லறையாக ஒன்று இரண்டு வாங்கி மாதக் கணக்கில் எழுதுவதுதான் வழக்கம். காசு கையைவிட்டுப் போகாத வரை எத்தனை என்று தெரியாது. கணக்கைத் தீர்க்கும்போதே கடைக்காரரிடம், "அண்ணா, நான் கேட்டாலும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிடணும். கடைக்காரர் கொடுக்காமல் இருப்பாரா என்பது இங்கே பெரிய விசயம் இல்லை. அப்படிச் சொன்ன கடையில் போய்க் கேட்க வெட்கமாக இருக்கும், அந்த வெட்கம் உதவும்.

இனி மாலை கழட்டும் நாள். போன வருசம் எங்கே பற்ற வைத்தார் என்று சண்டை போடாமல் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மலை இறங்கிய பின், திரும்பி வருகிற வழியில் வண்டி டீக்கு நிற்கிற இடமாக இருக்கும். தரிசனம் முடிந்தது, தூக்கம் இல்லை, வேலை முடிந்த நிம்மதி, கூட வந்தவர் ஒருவர் பற்ற வைக்கிறார். ஆகையால் மாலையை வழியில் எங்கும் கழட்டாமல், வீட்டுக்கு வந்து அம்மா கையாலோ குருசாமி கையாலோ கழட்டுவது என்று முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். வழக்கமும் அதுதானே. குருசாமியிடம் அவரே போய், "கழட்டின பிறகும் தொடறதில்லைனு இருக்கேன், நீங்க அப்பப்ப கேளுங்க" என்று சொன்னால் விரதத்தின் ஒரு முட்டு பிடுங்கப்படாமல் நிற்கும்.

தேதியும் வேண்டும். "இனி ஆயுசுக்கும் இல்லை" என்று சொன்னால் மலைப்பாக இருக்கும். விரதம் எளிதாக இருந்ததற்கு ஒரு காரணம், அதற்கு முடிவு இருந்தது. அதனால் தேதியைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளலாம்: மாலை கழட்டியதிலிருந்து தைப்பூசம் வரை, அங்கிருந்து பங்குனி உத்திரம் வரை, பிறகு ஆடி, பிறகு அடுத்த கார்த்திகை 1. பழனிக்குப் பாதயாத்திரை போகிறவராக இருந்தால் தைப்பூச நடை தானாகவே ஒரு காவல். கொடுமுடித் தீர்த்தக் காவடிக் கூட்டத்தோடு போகிறவரானால் பங்குனி. கடவுள் நம்பிக்கை குறைந்தவர்கள் இதே வேலையைப் பிள்ளையின் பிறந்தநாள், சீட்டு எடுக்கும் மாதம் என்று வேறு தேதிகளை வைத்துச் செய்யலாம்.

கழட்டிய பிறகு வரும் முதல் மாதத்தில் மூன்று இடங்கள் வழுக்கும். ஒன்று, குடி. இரண்டாவது ரவுண்டுக்குப் பின்னால் எந்தத் திட்டமும் நினைவில் நிற்காது. விட்டவர்கள் திரும்பப் பிடிக்கும் இடங்களில் டாஸ்மாக் பாருக்கு நிகரானது வேறு இல்லை. 48 நாள் அதையும்தானே விட்டிருந்தார், கூட ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். இரண்டு, பொங்கல். பட்டிப் பொங்கலன்று தோட்டத்தில் எல்லாரும் கூடுவார்கள், அதற்குப் பின்னால் எங்காவது கெடா விருந்து. சாப்பிட்டு எழுந்ததும் ஆண்கள் வேலியோரம் ஒதுங்குவார்கள். அந்த நேரத்தில் அவர் கையில் ஒரு வேலை இருக்கணும்: இலை எடுப்பது, பந்தி விசாரிப்பது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாட்டைக் காட்டப் போவது. மூன்று, எழவு வீடு. ராத்திரி முழுக்க விழித்திருக்கணும், பீடி கைமாறிக்கொண்டே இருக்கும், வேண்டாம் என்பதே மரியாதைக் குறைவு மாதிரித் தோன்றும். ஆறு மாதம் நன்றாக இருந்தவர்கள்கூட இங்கே விழுகிறார்கள். துக்கம் கேட்டுவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து, காலையில் காரியத்துக்குப் போனால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நீட்டுகிறவர்களிடம் சொல்லும் வார்த்தையும் முக்கியம். "விடலாம்னு பாக்கறேன்" என்று சொன்னால், "அட, இன்னிக்கு ஒண்ணுதானே" என்று அடுத்த வரி வந்துவிடும். "வேண்டாமுங்க, உட்டுட்டேன்" என்று முடித்துவிடணும். காரணம் சொல்லவே கூடாது, காரணம் சொன்னால் அதற்கு மறுகாரணம் தேடி வரும்.

டீ விசயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. சிகரெட் புகையில் இருக்கும் தார்ப்பொருள்கள் ஈரலைத் தூண்டி, காபி, டீயில் உள்ள கஃபீனை வேகமாகக் கரைக்க வைக்கும். புகையை விட்டதும் அந்த வேகம் குறைந்துவிடும். பழைய அளவே குடித்தால் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கைநடுக்கம், படபடப்பு, தூக்கம் வராமை. அதைச் "சிகரெட் இல்லாததால் வந்த கிறுகிறுப்பு" என்று நினைத்துக்கொண்டு பற்ற வைத்துவிடுவார்கள். நாளைக்கு 6 டீ குடித்தவர் 3-ல் நிறுத்தணும். மீதி நேரத்துக்குச் சுக்குக் காபி, மோர், கம்மங்கூழ் என்று மாற்றிக்கொள்ளலாம். மாலை கழட்டியதும் டீ கணக்கு ஏறும்போது இதை நினைவில் வையுங்கள்.

இதே காரணத்தால் சில மருந்துகளின் அளவும் மாறும். வீசிங்குக்கு டெரிஃபிலின் போன்ற தியோபிலின் கலந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் புகையை நிறுத்தும்போது மருத்துவரிடம் சொல்லியே ஆகணும், இல்லாவிட்டால் மருந்து ரத்தத்தில் கூடிப்போய் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரும். மனநோய்க்கான குளோசாபின், ஒலான்சாபின் மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். இன்சுலின் போடுகிறவர்கள் முதல் சில வாரம் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளணும்.

இன்னும் சில சில்லறைத் தொல்லைகள். மலச்சிக்கல் வரும், பலருக்குச் சிகரெட் இல்லாமல் காலையில் போகாது. எழுந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் இரண்டு டம்ளர், ராத்திரி கொய்யாவோ பப்பாளியோ, தினமும் ஒரு கீரை போதும். இருமலும் சளியும் முதல் சில வாரம் கூடலாம். மூச்சுக்குழாயைக் கூட்டிப் பெருக்கும் நுண்மயிர்கள் மறுபடி வேலைக்கு வந்திருக்கின்றன என்று அர்த்தம். பஞ்சுத் தூசிக்குள் வேலை செய்கிறவருக்கு இது நல்ல சேதிதான். இருமல் மாதக் கணக்கில் நீண்டாலோ சளியில் ரத்தம் கண்டாலோ சோதித்துப் பார்த்துவிடணும். பசி 10 வாரத்துக்கு மேலும் இருக்கும். முதல் வருசத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறும். தட்டு வடையும் முறுக்கும் தின்று ஈடுகட்டினால் இன்னும் ஏறும், வெள்ளரிக்காய், கேரட், சுண்டல், ஒரு பிடி நிலக்கடலை என்று வைத்துக்கொண்டால் கட்டுக்குள் நிற்கும். எடையைக் காட்டி இப்போதே சாப்பாட்டைக் குறைக்கச் சொல்லாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு போர் வேண்டாம்.

வீட்டில் உள்ளவர்கள் பேசும் விதத்துக்கு வருவோம். இதில்தான் நல்ல மனசோடு கெடுத்துவிடுகிறோம். சட்டையை மோந்து பார்ப்பது, வாயை ஊதச் சொல்வது, "இன்னிக்குப் புடிச்சீங்களா?" என்று தினமும் கேட்பது எல்லாம் ஒரே ஒரு திறமையைத்தான் வளர்க்கும்: ஒளிப்பது. பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குவது அதைவிட மோசம். சத்தியம் செய்தவர் ஒருநாள் தவறி ஒன்று பிடித்துவிட்டால் வாய் திறந்து சொல்லவே முடியாது, சொல்ல முடியாத ஒன்று பத்தாகும். அதற்குப் பதிலாக, "ஏனுங்க, இன்னிக்கு எந்த நேரம் ரொம்ப இழுத்துச்சு?" என்று கேளுங்கள். இழுத்திருக்கும் என்பதை ஒத்துக்கொண்டு கேட்கிற கேள்வி அது. பதில் வந்தால் அந்த நேரத்துக்கு மறுநாள் ஒரு போன் போடுங்கள், அவ்வளவுதான். முதல் சில வாரம் காரணமில்லாமல் சீறினால் அன்றே பதில் கொடுக்க வேண்டாம், பிற்பாடு பேசிக்கொள்ளலாம். அதற்காக வாய்க்கு வந்தபடி பேசுவதையும் கை ஓங்குவதையும் பொறுத்துப் போகணும் என்று அர்த்தமில்லை. சிகரெட்டை விடுவது அதற்கெல்லாம் சாக்கு ஆகாது.

மனசு தளரும்போது பிடித்துக்கொள்ளக் கண்ணால் பார்க்கிற ஏதாவது வேண்டும். கேன்சர் பயம் அதற்கு உதவாது. பாக்கெட்டில் இருக்கும் படத்தைத் தினமும் பார்த்துக்கொண்டேதானே பற்ற வைக்கிறார்கள். கிட்டத்தில் தெரிகிற பலன்தான் இழுக்கும். ஒன்று காசு. ஒரு சிகரெட் 18 ரூபாய் என்று வைத்தால் 12-க்கு நாளைக்கு 216, மாதம் 6,480, வருசம் 78,840. உண்டியலில் போடுவது நடக்காது, அவசரத்துக்கு உடைத்துவிடுவோம். மாதம் 5,000 ரூபாய்க்கு ஒரு சீட்டிலோ போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.யிலோ சேர்ந்துவிடுங்கள். சீட்டில் சேர்ந்தால் பதிவு பெற்றதாகப் பார்த்துச் சேருங்கள். மாதா மாதம் கட்டியே ஆகணும் என்கிற நெருக்கடி சிகரெட்டுக்குக் காசை மிச்சம் வைக்காது. நம்மூர்க்காரர்கள் எதை மறந்தாலும் சீட்டுத் தேதியை மறக்கமாட்டார்கள்.

இன்னொன்று மூச்சு. சென்னிமலை முருகன் கோயிலுக்கு 1,320 படி. சபரிமலையிலிருந்து வந்த வாரத்தில் ஒருமுறை ஏறட்டும், எத்தனை இடத்தில் மூச்சு வாங்க நின்றார், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை, அதே நேரத்தில், அதே மாதிரி. கோயமுத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மருதமலை 837 படி. புகையை விட்ட சில வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் நுரையீரலின் வேலைத்திறன் கூடிவரும் என்று மருத்துவர்கள் சொல்வதை அவர் காலே சொல்லிவிடும். நெஞ்சுவலி, இதயக் கோளாறு இருப்பவர்கள் கேட்காமல் ஏறக்கூடாது.

தவறி ஒன்று பிடித்துவிட்டால்? அது வழுக்கல். மறுநாள் பாக்கெட் வாங்குவதுதான் விழுவது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சில மணி நேரத்தில்தான் எல்லாம் தீர்மானமாகிறது. "போச்சு, இனி என்ன" என்ற நினைப்பு ஒரு சிகரெட்டைவிட அதிகக் கேடு செய்யும். மீதி இருந்தால் தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு, எங்கே, யாரோடு, என்ன மனநிலையில் என்று மூன்றையும் எழுதி, பழைய 12 வரித் தாளில் சேர்க்கணும். நாள் கணக்கைப் பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டாம். 60 நாளில் 59 நாள் பிடிக்கவில்லை என்பதும் உண்மைதானே. ஒன்றே ஒன்று: "நாளைக்கு ரெண்டு மட்டும் வெச்சுக்கறேன்" என்ற சமரசம் ஆகாது. எண்ணிக்கை குறைந்தால் ஒவ்வொன்றையும் ஆழமாக இழுத்துப் பழைய நிகோடினை எடுத்துக்கொள்வார்கள், சில வாரத்தில் எண்ணிக்கையும் ஏறிவிடும்.

மாற்றுச் சரக்குகளும் வேண்டாம். சிகரெட்டை விட்டு வாயில் ஒதுக்கும் போயிலைக்குப் போவது நிறைய நடக்கிறது, அதுவும் நிகோடின்தான், வாய்ப்புற்றுநோய் கூடுதல். பீடி இலையில் காற்றுப் புகாததால் அடிக்கடி இழுக்கணும், ஆக பீடி லேசானது என்பது பொய். மூலிகை சிகரெட்டிலும் புகை புகைதான். இ-சிகரெட்டு 2019-லிருந்து நாட்டில் தடை.

இப்போது கொழுந்தனார். இவர் கதை வேறு. இவருக்கு உடம்பின் பிடியே பெரியது. இரண்டு கேள்வியில் அதை அளந்துவிடலாம். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 30 நிமிடத்துக்குள் 2, ஒரு மணி நேரத்துக்குள் 1, அதற்கு மேல் 0. நாளைக்கு எத்தனை? 10 வரை 0, 20 வரை 1, 30 வரை 2, 31-க்கு மேல் 3. கூட்டினால் 2 வரை லேசு, 3, 4 நடுத்தரம், 5, 6 கடுமை. 25 பிடிக்கிறவர் கண் விழித்ததும் பற்ற வைப்பவரானால் 5. இப்படிப்பட்டவரை "மனசு வெச்சா முடியும்" என்று வெறுங்கையோடு அனுப்புவது சரியில்லை, மருந்து வேண்டும்.

நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இரண்டு அளவில் வருகிறது. 2 மில்லி மருத்துவர் சீட்டில்லாமல் மருந்துக்கடையில் கிடைக்கும், 4 மில்லிக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். எழுந்து அரை மணிக்குள் பிடிக்கிறவர்களுக்கு 4 மில்லிதான் பொருந்தும். முதல் 6 வாரம் விழித்திருக்கும் நேரத்தில் 1, 2 மணிக்கு ஒன்று, குறைந்தது 9. அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணிக்கு ஒன்று. கடைசி 3 வாரம் 4 முதல் 8 மணிக்கு ஒன்று. ஒரு நாளில் 24-க்கு மேல் கூடாது.

"கம் போட்டேன், கேக்கல" என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் மூன்று தப்பு செய்திருப்பார்கள். முதல் தப்பு, சாதாரண சூயிங்கம் மாதிரி சவக் சவக்கென்று மெல்வது. அப்படி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும், மூளைக்குச் சேராது. காரமாக விறுவிறுக்கும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்கணும். விறுவிறுப்பு அடங்கியதும் மறுபடி மெல்லணும், வேறு பக்கம் ஒதுக்கணும். இப்படி அரை மணி நேரம். வெற்றிலை போட்ட வாய்க்கு இந்த வித்தை சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டாவது தப்பு, டீயோடு போடுவது. காபி, டீ, ஜூஸ், கலர் குடித்த 15 நிமிடத்துக்கு வாயில் புளிப்பு இருக்கும், நிகோடின் உள்ளே இறங்காது. போட்டிருக்கும்போதும் குடிக்கக்கூடாது. மூன்றாவது, ஆசை வந்த பிறகு நாளைக்கு இரண்டு மூன்று மட்டும் போடுவது. 25 சிகரெட்டுக்கு மூன்று கம் எந்த மூலைக்கு?

தோலில் ஒட்டும் நிகோடின் பட்டையும் (பேட்ச்) உண்டு. 21 மில்லி 6 வாரம், 14 மில்லி 2 வாரம், 7 மில்லி 2 வாரம் என்று இறங்குவது வழக்கம். தினமும் காலையில் முடியில்லாத உலர்ந்த தோலில், இடம் மாற்றி மாற்றி ஒட்டணும். ராத்திரி கனவு அதிகம் வந்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். ரிக் வேலையில் வியர்வையும் கல்தூளும் சேர்ந்து பட்டையை உரித்துவிடும் என்பதால் துடைத்துவிட்டு மேல்கையின் உட்புறமாகவோ முதுகிலோ ஒட்டுவது நல்லது. பட்டையை அடித்தளமாக வைத்துக்கொண்டு, ஆசை கிளம்பும் நேரத்துக்குக் கம் போடுவது, இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது. மாத்திரையில் வரெனிக்லின், புப்ரோபியான் இரண்டும் இருக்கின்றன. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கணும், மருத்துவர் பார்த்துத்தான் தரணும். வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள் எந்த நிகோடின் மருந்தையும் கேட்காமல் தொடக்கூடாது.

ரிக்காரர்களுக்குத் தேதி பார்ப்பதும் ஒரு மருந்து. திருச்செங்கோட்டிலிருந்து மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் என்று மாதக்கணக்கில் போகும் வண்டியில், கிளம்பும் வாரத்தில் விடக்கூடாது. முதல் சில நாள் கவனம் சிதறும், தூக்கம் கெடும், ராத்திரி ஓட்டமும் கம்ப்ரசரும் அதற்கு ஏற்ற இடமில்லை. வண்டி ஊருக்கு வந்து நிற்கும் நாளில் தொடங்கி, 10 நாளாவது வீட்டில் கழித்துவிட்டு ஏறணும். போகிற இடத்தில் சிகரெட் கிடைக்கும், கம் கிடைப்பது நிச்சயமில்லை. ஆகவே 12 வாரத்துக்கான அட்டைகளைக் கையோடு எடுத்துப் போகணும், கேபின் வெயிலில் போட்டு வைக்காமல். கூட வரும் ஆட்களில் ஒருவரையாவது சேர்த்துக்கொண்டு விட்டால் இன்னும் நல்லது. வண்டியில் இரண்டு பேர் விட்டால் மற்றவர்கள் கேபினுக்குள் பற்ற வைக்கத் தயங்குவார்கள்.

ஊரில் இருப்பவர்களுக்குக் கிழமை பார்க்கணும். பனியன் கம்பெனி, தறி எல்லாம் வாரச் சம்பளம், சனிக்கிழமை காசு கைக்கு வரும். வெள்ளிக்கிழமை விட்டால் உச்சத் தொல்லை சரியாகச் சனி, ஞாயிறில் வந்து நிற்கும், கையில் காசு, லீவு, கூட்டாளிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் விட்டால் உச்சம் திங்கள், செவ்வாயில் வேலையோடு வேலையாகப் போய்விடும். முதல் சனிக்கிழமை வரும்போது 6 நாள் கையில் இருக்கும்.

பேசிக்கொண்டே போக வெளியாள் வேண்டுமென்றால் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800-11-2356. இலவசம், எந்த மாநிலத்திலிருந்தும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் எண்தான் அது. அரசின் 104-ல் கேட்டால் பக்கத்து அரசு மருத்துவமனையில் ஆலோசனை எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கலாம். விட்ட பிறகு மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தாலோ சிகரெட் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்கணும், 14416 மனநல உதவி எண் எந்நேரமும் இருக்கிறது. முதலில் சொன்ன 1800 எண் காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு விடுகிறவருக்கு இரண்டாம் நாளே அது எடுக்காது. அதனால் சனிக்கிழமையே ஒருமுறை கூப்பிட்டுப் பேசிவிட்டு, ஞாயிறு மாலை இன்னொருமுறை பேசிவிட்டு, திங்கள் முழுக்க நீங்களோ குருசாமியோ போனில் இருப்பது மாதிரி பிரித்துக்கொள்ளுங்கள்.